இரண்டாம் மாடி பாத்ரூம் சாவி

அருள்,

இந்தக் கடிதம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். படிப்பதற்கு முன்னால் பெட்டியைக் கிளறிப் பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. பிளஷ் டேங்கில் தண்ணீர் நிரப்பும் வால்வு நான்கு, ரப்பர் வாஷர் ஒரு பொட்டலம், மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் இரண்டு, உன் அப்பாவின் ஸ்பேனர், தேய்ந்துபோன ஒரு பல் பிரஷ். இவற்றோடு, ஓரத்தில் ஓட்டை போட்ட வட்டமான கறுப்புத் தோல் துண்டு ஒன்றும் இருக்கும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதையோ எடுத்து எதிலோ போட்டு அனுப்பிவிட்டாள் என்று வீட்டில் பிரியாவிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். எனக்கு அறுபத்தோரு வயதுதான் ஆகிறது. யோசித்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நானே கயிறு கட்டி அனுப்பியிருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நீ "லைன்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுவாய். பள்ளிகொண்டா பக்கத்து ஷூ கம்பெனியில் ஒரு மாடி முழுக்க உன் பொறுப்பில் வந்ததிலிருந்து உனக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் ஆம்பூரில் அதே மாதிரி ஒரு கம்பெனியில் தைத்தும், பிறகு தைப்பவர்களை மேய்த்தும் முப்பது வருஷம் ஓட்டியவள். டார்கெட் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து வலிக்கும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது, மடித்து வைத்தாலும் சட்டைப்பையில் இருந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் நீ கூப்பிட்டபோது சந்தோஷமாக ஒன்று சொன்னாய். "ரெண்டாவது மாடி பாத்ரூம பூட்டிட்டேம்மா. டேங்க்ல தண்ணி ஏறல, ஒரே நாத்தம். இப்ப எல்லாரும் கீழதான் போவணும். லைனுக்கு ரெண்டு டோக்கன் வெச்சிட்டேன். டைம் வேஸ்ட் எவ்ளோ கம்மி ஆயிடுச்சி தெரியுமா?" நான் "அப்டியாப்பா" என்று மட்டும் சொன்னேன். டோக்கன் என்ற யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பதினொரு வயதில் நீ கண்டக்டர் விளையாட்டு விளையாடும்போது டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரு பை நிறைய தோல் வில்லைகளை வைத்திருந்தாயே, அவை நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த டோக்கன்கள். பெட்டியில் இருக்கும் கறுப்பு வில்லை அதில் ஒன்றுதான். அன்றைக்கு போனை வைத்த பிறகு தட்டில் போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டேன். ஆனாலும் உன்னைத் திருப்பிக் கூப்பிடவில்லை. பிள்ளை மேனேஜர் ஆகிவிட்டான், நமக்கென்ன தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இது இந்த விஷயத்தில் நான் பேசாமல் இருந்த இரண்டாவது முறை.

போன புதன்கிழமை காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரியின் மகள் ரேவதி கம்பெனி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். உன் மாடியில்தான் அவள் தைக்கிறாள், இத்தனை பேரில் உனக்கு அவள் முகம் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. குடத்தை என் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டு வீடுவரை கூடவே வந்தாள். வெயில் அப்போதே ஏறிவிட்டது, பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை. "வேணாம் அத்தை. இப்ப குடிச்சா மத்தியானம் வரைக்கும் பேஜாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ் ஹாரன் கேட்டதும் ஓடிப்போய்விட்டாள். நான் அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இதே வார்த்தைகளை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கஸ்தூரியை உனக்கு 'சூட்டு வலி' வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தையாகத்தான் தெரியும். உனக்குப் பதினொரு வயது. ஆரஞ்சுப் பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வேலூருக்கு வந்தாய். வார்டு படியில் இறங்கும்போது, "கஸ்தூரி அத்தைக்கு இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டாய். "உடம்புல சூடு ஜாஸ்தி ஆயிடுச்சிடா" என்றேன். அது பொய். இருபது வருஷமாகத் திருத்தாமல் விட்ட பொய். இப்போது திருத்துகிறேன், உட்கார்ந்து படி.

நான் சூப்பர்வைசர் ஆன புதிது. என் லைனில் முப்பத்திரண்டு பேர், எல்லாரும் பெண்கள். தினமும் டார்கெட்டுக்குக் கொஞ்சம் குறையும். மேனேஜர் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்பார், "இன்னாமா, உன் ஆளுங்க தைக்க வர்றாங்களா, பாத்ரூம் போவ வர்றாங்களா?" என்று. அவமானமாக இருக்கும். எங்கள் மாடியிலும் பாத்ரூமில் தண்ணீர் ஏறாது. வெளியே ஒரு டிரம்மில் ரொப்பி வைத்திருப்பதை மொண்டுகொண்டு போகவேண்டும். ஒருத்தி போனால் வரிசையில் நின்று, மொண்டு, ஊற்றிவிட்டு வர நேரமாகத்தான் செய்யும். தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று யோசிக்க வேண்டியவள் நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிங்கில் விழுந்த கறுப்புத் தோல் துண்டை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, என் மேஜை ஆணியில் இரண்டை மாட்டினேன். டோக்கன் இருந்தால் போகலாம், இல்லையென்றால் போனவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். மேனேஜர் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டாத குறைதான். அடுத்த வாரமே எல்லா லைனுக்கும் அதை வைக்கச் சொன்னார். ராத்திரி சாப்பிடும்போது உன் அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். அதையும் நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கஸ்தூரி நான்காவது மெஷின். ஷூவின் மேல்வாய் ஓரம் தைப்பவள், நூல் பிடித்த மாதிரி இருக்கும் அவள் தையல். காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவருவாள், சாயங்காலம் அதை அப்படியே நிறைந்தபடி எடுத்துக்கொண்டு போவாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை, "ஏன்டி குடிக்கல?" என்றும் கேட்டேன். "வேணாம்கா, குடிச்சா பேஜாரு" என்றாள். சரிதான் என்று நகர்ந்துவிட்டேன். அதற்கு மேலும் ஒன்று செய்தேன். மற்றவர்கள் டோக்கனுக்கு நிற்கும்போது, "கஸ்தூரிய பாருங்க, அவ போறாளா?" என்று கேட்பேன். அவளை எல்லாருக்கும் உதாரணமாகக் காட்டினேன். ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர்க் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டு, ஊசியில் விரலைக் கொடுத்துவிட்டாள். ஊசி குத்திய விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தோம். மூன்றாம் நாள் வேலூரில் சேர்த்தார்கள். சிறுநீரை அடக்கி அடக்கி, தண்ணீரும் குடிக்காமல், கிருமி கிட்னிவரைக்கும் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ரேவதிக்கு அப்போது நான்கு வயது. கஸ்தூரி பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஒரு கிட்னி சுருங்கிப்போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் மெஷினில் உட்காரவே இல்லை. அவளுக்கு வந்தது சூடு இல்லை, அருள். அவளுக்கு வந்தது நான்.

இவ்வளவு நடந்த பிறகாவது எனக்குப் புத்தி வந்தது என்று நினைக்காதே. எல்லா லைனின் டோக்கன்களையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், அவ்வளவுதான். மேனேஜர் சத்தம் போட்டார், நானும் பதிலுக்கு வாயாடினேன். ஆனால் தண்ணீர் ஏறாத டேங்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "பிரஷர் இல்ல" என்றார்கள், நானும் சரி என்றேன். பிரஷர் இல்லை என்பது ஏதோ மழை பெய்யவில்லை என்பதைப்போல, யாராலும் ஒன்றும் செய்ய முடியாத விஷயம் என்று நினைத்துவிட்டேன். அது அப்படி இல்லை என்று எனக்கு நம் வீட்டு பாத்ரூம்தான் சொல்லிக்கொடுத்தது.

அப்பாவுக்கு முட்டி போனபிறகு, கீழே உட்காரும் கக்கூஸை இடித்துவிட்டு நீதான் வெஸ்டர்ன் போட்டுக் கொடுத்தாய். நல்ல காரியம். இரண்டு வருஷம் கழித்து அந்த டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. கவனித்துப் பார்த்ததில் உள்ளே மிதக்கிற பந்து மேலே வந்தபிறகும் வால்வு மூடவில்லை, உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் டிரம்மில் தோல் உருட்டிய உன் அப்பா ரப்பரை நம்புவாரா? "கைப்பம்புக்கு தோல் வாஷர்தானே போடறோம், இதுக்கு போட்டா இன்னா கெட்டுப்போச்சி" என்றார். நானும் அந்த வழிதான். வீட்டில் கிடந்த டோக்கன் வில்லை ஒன்றை எடுத்து, அளவாக வெட்டி உள்ளே போட்டேன். பத்து நாள் கச்சிதமாக இருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு டேங்க் மெதுவாக நிரம்ப ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் பத்தானது, பத்து அரைமணி நேரமானது. "கோடை, பிரஷர் இல்ல" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு ஒரு பக்கெட் வைத்துக்கொண்டோம்.

அந்தப் பக்கெட்டை உன் அப்பாவால் தூக்க முடியாது. என்னைக் கூப்பிடவும் அவருக்குக் கூச்சம். கொஞ்சநாளில் காலை காபியை வேண்டாம் என்றார். பிறகு மோர் வேண்டாம் என்றார். மத்தியானம் மாத்திரைக்குக் கொடுக்கிற தண்ணீரைக்கூட இரண்டு மடக்கோடு கீழே வைத்துவிடுவார். ஒருநாள் கோபமாகக் கேட்டேன், "இன்னாங்க, தண்ணி குடிக்க உங்களுக்கு இன்னா கஷ்டம்?" அவர் என்னைப் பார்க்காமல், "குடிச்சா பேஜாருடி" என்றார். கையில் டம்ளரோடு நின்றேன். கஸ்தூரி நிறைந்த பாட்டிலைப் பைக்குள் வைக்கிற காட்சி கண்முன்னால் வந்தது. அப்போதுதான், பதினைந்து வருஷம் கழித்து, நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. மூக்கைச் சீந்திக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் டேங்கின் மூடியைத் தூக்கினேன். இன்றைக்கு இது நிறையாமல் நான் வெளியே வருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தேன், அது வேறு விஷயம். எதைக் கழற்றுவது என்றே தெரியவில்லை. உமராபாத் ரோட்டு ஹார்டுவேர் கடை பாயிடம் போய், பிரஷர் ஏற்றுகிற மோட்டார் வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மோட்டார் அப்புறம் வாங்கலாம்மா. மொதல்ல டேங்குக்கு கீழ இருக்கற குழாய மூடு. டேங்குக்குப் போற பைப்ப கழட்டு. அத பக்கெட்ல வுட்டு குழாய தொற. தண்ணி பீச்சி அடிச்சா பைப்பு மேல தப்பு இல்ல, வால்வுதான் கோளாறு. சொட்டு சொட்டா வந்தா வால்வு பாவம், மேல எங்கியோ அடைப்பு. அத பாக்காம பிரஷர் இல்லன்னு சொல்லாத" என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். பக்கெட்டில் தண்ணீர் அடித்த வேகத்தில் என் புடவை நனைந்தது. பிரஷர் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி பாயிடம் போனேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாமா இது, ஷூ தோலா? கைப்பம்பு வாஷர் வேற தோலுமா. இது மேல பெயிண்ட் இருக்குது, தண்ணில ஊறுனா உரியும். ஆம்பூர்க்காரங்கதான் இத செய்வீங்க." டோக்கனின் கறுப்புப் பூச்சு தோல்தோலாக உரிந்து, நம் ஊர்த் தண்ணீரின் உப்போடு சேர்ந்து, தண்ணீர் வருகிற ஊசி ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. பெண்களைத் தடுக்க நான் வெட்டிய அதே வில்லை. என் கையாலேயே என் வீட்டு வால்வுக்குள்ளும் போட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று சாயங்காலமே புது ரப்பர் போட்டு மாட்டினேன். இரண்டு நிமிஷத்துக்குள் டேங்க் நிறைந்து, வால்வு தானாக மூடியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தச் சத்தம் நிற்கிறவரை கேட்டார். "காபி போடறியா?" என்று கேட்டார். அவர் இருந்த மிச்ச நாளெல்லாம் காபியை விடவே இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது உன் மாடிக்கு வருகிறேன். அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த நாள் சாயங்காலம் ரேவதியை நானாகக் கூப்பிட்டு விசாரித்தேன், அவளாக ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. இதற்காக அவளை நீயோ உன் சூப்பர்வைசரோ கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டதாகத் தெரிந்தால், பிறகு என்னை அம்மா என்று கூப்பிடாதே. அவள் சொன்னது இதுதான். மொத்தம் ஆறு பாத்ரூம். படிக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டில் தண்ணீர் நிற்காமல் கோப்பைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததாம். மற்ற நான்கில் ஏறவே இல்லையாம். ஆனால் வெளியே கை கழுவுகிற குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறதாம். இதைக் கேட்டதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. உங்கள் மெயின்டனன்ஸ் ஆட்கள் மாடிக்கு ஏறிப் பார்த்தார்களா, இல்லை கீழே நின்றே பிரஷர் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்களா என்று அவர்களைக் கேள்.

முதலில் அந்த ஒழுகுகிற இரண்டையும் நிறுத்து. ஒரே பைப்பில் ஆறு டேங்கும் இருக்கிறது, முன்னால் இருக்கிற இரண்டும் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்தால் பின்னால் இருப்பவற்றுக்கு எங்கிருந்து வரும்? டேங்கின் மூடியைத் தூக்கிப் பார். தண்ணீர் நடுவில் இருக்கிற வழிகுழாய்க்குள் போய்க்கொண்டிருந்தால் மேலே வால்வு மூடவில்லை என்று அர்த்தம். பந்து டேங்கின் சுவரில் உரசுகிறதா, பந்துக்குள் தண்ணீர் புகுந்து கனத்துவிட்டதா என்று பார், இரண்டும் இல்லையென்றால் வாஷரை மாற்று. வழிகுழாயின் வாய்க்கு ஒரு விரல் அளவு கீழேயே தண்ணீர் நிற்கவேண்டும். மேலே சரியாக இருந்தும் கோப்பைக்குள் ஓடினால், டேங்கில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, பிளஷ் பண்ணாமல் கால்மணி நேரம் பொறு. கோப்பையில் மஞ்சள் இறங்கினால் அடியில் இருக்கிற ரப்பர் மூடி போய்விட்டது. இதற்கெல்லாம் இன்ஜினியர் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

பிறகு ஏறாத நான்குக்கு வா. ஒவ்வொன்றிலும் டேங்குக்குக் கீழே இருக்கிற சின்னக் குழாய் முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பார். தண்ணீர் வீணாகிறது என்று யாராவது பாதி மூடிவிட்டுப் போயிருப்பார்கள், அதை மறந்தும் போயிருப்பார்கள். அடுத்தது பாய் சொன்ன பக்கெட் சோதனை. இதை ஆளை விட்டுச் செய்யாதே, நீயே செய், உன் சட்டை நனையட்டும். தண்ணீர் அடித்தால் வால்வைக் கழற்று. உள்ளே தண்ணீர் நுழைகிற இடத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் பக்கெட்டின் ஓரத்திலேயே வெள்ளைக்கோடு போடும், சல்லடையை விடுமா? அதை வினிகரில் ஊறவைத்து இந்தப் பல் பிரஷால் தேய். வராவிட்டால் நான் அனுப்பியிருக்கிற வால்வைப் போடு. இந்த நான்கும் கம்மி பிரஷருக்கு என்று கேட்டு வாங்கியது, உள்ளே ஓட்டை பெரிதாக இருக்கும். உங்கள் பெரிய தொட்டி அதே கட்டடத்தின் மொட்டைமாடியில், பாத்ரூமின் தலைக்கு மேலேயே இருக்கிறது என்று ரேவதி சொன்னாள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் வேகம். கீழ்மாடியில் அடிக்கிற தண்ணீர் மேல்மாடியில் தளர்ந்துதான் வரும், அதற்கு ஏற்ற வால்வு வேண்டும். பக்கெட்டிலேயே தண்ணீர் சொட்டினால், தொட்டியிலிருந்து இறங்குகிற பைப்பின் வால்வைப் பார், அதுவும் சரியென்றால் தொட்டிக்கு அடியில் ஒரு மேடை கட்டி உயர்த்தச் சொல். முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று யோசிக்காதே. புது மெஷின் வேண்டுமென்றால் கேட்கிறாய் அல்லவா, அதே வாயால் கேள்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. நீ கெட்டவனாக இருந்தால் இவ்வளவு பக்கம் எழுதுவேனா? பிரியாவுக்கு இது ஆறாவது மாதம். போன முறை நான் வந்திருந்தபோது, ஒரு மணிக்கு ஒருதரம் நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்ததைப் பார்த்தேன். "குடி, குடி, இன்னும் ரெண்டு மடக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய். அவள் எத்தனை தடவை எழுந்து போனாள் என்று நீ கணக்கு வைத்தாயா? உன் மாடியிலும் மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று பெண்கள் இருப்பார்கள். அவர்கள் உன்னிடம் சொல்லமாட்டார்கள். அவர்களில் யாராவது டோக்கனை எடுக்காமலேயே இருந்தால், அவள் நல்ல வேலைக்காரி என்று மட்டும் நினைத்துவிடாதே. அவளுடைய பாட்டிலைப் பார்.

நேற்று கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். இருபது வருஷத்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், நல்லது கெட்டதுக்கு, சும்மா பேசிக்கொண்டிருக்க. டோக்கன் என்னுடைய யோசனை என்பதை மட்டும் ஒருமுறையும் சொன்னதில்லை. மேனேஜர் வைத்தது என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் முன்னால் உட்கார்ந்து, இந்தக் கறுப்பு வில்லையை எடுத்து வைத்து, "கஸ்தூரி, இத செஞ்சது நான்தான்டி" என்றேன். அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்கா. சாப்பாட்டு டைம்ல நீ ஒக்காந்து ஓட்ட போட்டியே, நாலாவது மெஷின்லேந்து நான் பாத்துனுதானே இருந்தேன்" என்றாள். இருபது வருஷம் தெரிந்தே எனக்குக் காபி கொடுத்திருக்கிறாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "அழுது இன்னாக்கா ஆவப்போவுது. எம் பொண்ணும் இப்ப பாட்டில அப்டியே எடுத்தாறா. தண்ணி குடின்னு நான் சொன்னா, எங்கம்மா போறதுன்னு கேக்கறா. எனக்கு பதில் தெரியல. நீ உம் புள்ளைய கேளு" என்றாள்.

அதனால் கேட்கிறேன், அருள். எங்கே போவாள்?

இதற்கு எனக்கு போனில் பதில் வேண்டாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. வருகிற வாரம் முழுக்க உனக்கு அவகாசம் தருகிறேன், அதற்கு அடுத்த புதன்கிழமை நான் உன் கம்பெனிக்கு வருகிறேன். கம்பெனி பஸ்ஸில் என்னை ஏற்றமாட்டார்கள், டவுன் பஸ் பிடித்து வந்துகொள்வேன். கேட்டில் உன் அம்மா என்று சொல்வேன். இரண்டாவது மாடிக்கு ஏறுவேன், முட்டி வலித்தாலும் ஏறுவேன். அந்த ஆறு டேங்கும் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நின்று பார்ப்பேன். கதவு பூட்டியிருந்தால் எல்லார் முன்னாலும் உன்னிடம் வந்து, எனக்கும் ஒரு டோக்கன் கொடு என்று கையை நீட்டுவேன். நீ கொடுத்துப் பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேவதியிடம் சொல்லிவிடுவேன். மறுநாள் காலையில் அவள் குழாயடிக்கு வரும்போது சொம்பை நீட்டுவேன், இந்த முறை அவள் கையை நீட்டியாகவேண்டும். அவள் ஒரு சொம்பு, நான் ஒரு சொம்பு. முழுசாகக் குடித்துவிட்டுத்தான் இருவரும் பஸ் ஏறுவோம். நாங்கள் வந்து சேர்வதற்குள் அந்தக் கதவைத் திறந்து வை.

அம்மா